மாதா பலகைக்குக் கீழே

சவரிராஜைச் சாய்த்தது ஒரு போஸ்ட்கார்டு. தீபாவளிக்கும் கிறிஸ்மசுக்கும் சீனப் பெருநாளுக்கும் இரண்டு ஆள் பிடிக்கவேண்டிய தபால் பையை ஒற்றைத் தோளில் மாட்டிக்கொண்டு பதினான்கு வருஷம் சைக்கிள் மிதித்த மனுஷன், டன்லப் ஸ்திரீட் கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் கை தவறி விழுந்த ஒரே ஒரு கார்டை எடுக்கக் குனிந்தார். குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். இடுப்புக்குப் பின்னால் ஏதோ சடக்கென்றது. அதற்குமேல் நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. மாவு மில்காரரும் இன்னொருவரும் அவரை அந்த வளைவு மாறாமல் அப்படியே தூக்கி ஒரு திரிஷா சைக்கிள்வண்டியில் படுக்கப்போட்டார்கள். வண்டி நகர்ந்த பிறகும், "பதினேழாம் நம்பர், மேல்மாடி, யாராச்சும் குடுத்துடுங்க லா!" என்று கார்டை ஆட்டிக்கொண்டே போனார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார், காலைத் தூக்கிப் பார்த்தார், கட்டை விரலைக் குத்திப் பார்த்தார். பிறகு மூன்று வாரம் மல்லாந்து கிடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். மெத்தை கூடாது, ஸ்பிரிங் கட்டில் கூடவே கூடாது, தட்டையான கெட்டிப் பலகையில்தான் படுக்கவேண்டும். மே முப்பதாம் தேதி திரும்ப வரச்சொன்னார். சரியாகியிருந்தால் பழைய வேலை. இல்லாவிட்டால் ஆபீசுக்குள் உட்கார்ந்து கடிதம் பிரிக்கிற வேலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவாராம்.

மூன்று வாரம் என்றதற்கே சவரிராஜுக்கு வியர்த்தது. உள்ளே உட்காரும் வேலை என்றதும் வலியே மறந்துபோனது. சும்மா இருப்பது அவருக்குத் தெரியாத வித்தை. சாப்பிட உட்கார்ந்தாலும் முழங்கால் ஆடும், தட்டில் ரசம் அலையடிக்கும். லூர்து மாதா கோவிலில் பிரசங்கம் தொடங்கினால் சைக்கிளைப் பூட்டினோமா என்று பார்க்க வெளியே போய்விடுவார். சாமியாருக்கே அது தெரியும். விடியுமுன் வேலைக்குப் போவார், வந்து சாப்பிட்ட கையோடு ஃபேரர் பார்க்கில் பந்தாட்டம் பார்க்கப் போவார், அங்கிருந்து தேக்கா டீக்கடைக்கு. லீவு நாளிலும் 'சும்மா ஒரு நடை' என்று தான் தபால் கொடுக்கும் பீட்டையே சுற்றிவிட்டு வருவார். கேம்பல் லேனில் கடைவீட்டு மாடியில் அவர் குடியிருந்த அறைக்குள் பகல் பன்னிரண்டு மணிக்கு வெயில் எந்தப் பக்கம் விழும் என்று கேட்டால் சத்தியமாக அவருக்குத் தெரியாது.

அந்தத் தெருக்கள்தான் அவருக்கு எல்லாம். எந்தப் படி ஆடும், எந்த வீட்டு நாய் வாயோடு சரி, எந்தக் கிழவருக்கு மகனின் கடிதத்தைப் படித்தும் காட்டவேண்டும் என்பதெல்லாம் அவர் காலுக்கும் கைக்கும் தெரியும். அந்த பீட்டை யாராவது கேட்டால் உயிரைக் கேட்டமாதிரி பார்ப்பார்.

பலகைக்கு எங்கே போவது என்று பார்த்தபோது, அந்த அறையில் ஒரு ஆள் நீளத்துக்கு இருந்த ஒரே பலகை கதவுதான். முழு வீட்டையும் வாடகைக்கு எடுத்து, எட்டு அறையாகத் தடுத்துக் குடிவைத்திருந்த தையல்காரர் அப்துல் மஜீது மேலே வந்து பார்த்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார்.

"கழட்டிக்குங்க தம்பி. ஆனா மூணு வாரத்துல கதவு நின்னுடணும், நீங்களும் நின்னுடணும்."

"அதுவரைக்கும் அறைக்கு, பாய்?"

"உங்க அறையில திருட என்னா இருக்கு? உங்களத்தான் தூக்கிட்டுப் போவணும். அதுக்கு நாலு ஆள் வேணும் லா."

கதவைக் கழற்றித் தரையில் போட்டார்கள். கட்டிலுக்கும் அடுப்புப் பெட்டிக்கும் நடுவில், ஒரு ஆள் நீட்டிப் படுக்க இருந்த ஒரே இடத்தில்தான் போடமுடிந்தது. தலைமாட்டுச் சுவரில் மாதா பலகை. மாதா சுரூபம், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு பூச்சாடி. பலகையைச் சுற்றி அவர் பெண்டாட்டி அல்போன்சம்மாள் தைத்த வெள்ளைத் தொங்கல் துணி ஒரு சாண் நீளத்துக்கு இறங்கியிருக்கும். சவரிராஜை ஒருவழியாகக் கதவின்மேல் நீட்டிப் படுக்கவைத்தார்கள். வலி அடங்கி, அவர் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

தொங்கல் துணிக்கு உள்ளே, பலகையின் அடிப்பக்கம், இரும்புத் தாங்கிக்கும் மரத்துக்கும் இடையில் செருகியிருந்த பழுப்பு உறை நேராக அவர் முகத்துக்கு மேலே தெரிந்தது.

அதைச் செருகியவர் அவரேதான். ஐந்து நாளைக்கு முன்னால். நின்றால் தெரியாது, உட்கார்ந்தால் தெரியாது, துணி மறைத்துவிடும் என்று நாலு பக்கமும் நின்று உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் வைத்தார். இந்த அறையில் பட்டப்பகலில் ஒரு ஆள் மல்லாந்து படுக்கும் என்று அவர் எங்கே கண்டார்? ராத்திரி விளக்கணைத்த பிறகுதான் பாய் விரியும். விடிவதற்குள் அல்போன்சம்மாள் சுருட்டிவிடுவாள்.

உறைக்குள் இருந்தது அரசாங்க வீட்டுக் கடிதம். ஊரின் மறுபக்கம், குவீன்ஸ்டவுனில் ஒரு பிளாட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கோவில் உபதேசியாரிடம் சொல்லி அல்போன்சம்மாள்தான் மனு எழுதவைத்தாள். சவரிராஜ் எங்கேயோ கிளம்புகிற அவசரத்தில் சைக்கிள் சீட்டின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார், அத்தோடு மறந்தார். அவள் மறக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே குழாயாம், திருகினால் தண்ணீராம் என்று உபதேசியார் சொன்ன நாளிலிருந்து, வேலையிலிருந்து வரும் தபால்காரப் புருஷனிடம் தினமும் ஒரே கேள்வி.

"நமக்கு ஏதும் கடுதாசி வந்துச்சாங்க?"

"வந்தா குடுக்காமலா இருப்பேன்?"

இரண்டு வருஷமாக அது உண்மை. மே நாலாம் தேதி அது பொய்யானது. அன்றைக்குத் தன் பையில் தன் பெயரைப் பார்த்தார். பிரித்தார். மாதக் கடைசிக்குள் நேரில் வந்து ஒப்புக்கொள்ளாவிட்டால் வீடு வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு ஆபீசில் ஆஜராகவேண்டும். குவீன்ஸ்டவுனிலிருந்து அந்நேரத்துக்கு ஏது பஸ்? அங்கே குடிபோனால் அந்தப் பக்கத்து ஆபீசுக்கு மாற்றல் வாங்கவேண்டியதுதான். சிராங்கூன் ரோடு பீட்டு போச்சு. அதுவும் இந்த வருஷம் மழையில்லாமல் ஊர் முழுக்கத் தண்ணீரை முறைவைத்து நிறுத்துகிறார்கள், அங்கேயும் குழாய் காயத்தானே செய்யும் என்று தனக்குத் தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். மே முடிந்தால் கடிதம் தானாகச் செத்துப்போகும். அப்புறம் கிழித்து ஆற்றில் விட்டுவிடலாம். பதினான்கு வருஷத்தில் ஒருவர் கடிதத்தையும் ஒருநாள்கூடப் பிடித்துவைக்காத தபால்காரர், பெண்டாட்டி காத்திருந்த கடிதத்தை மாதா காலடியில் ஒளித்துவைத்த கதை இதுதான்.

இப்போது அதன் அடியிலேயே மூன்று வாரம் கிடக்கவேண்டும். எழுந்து எடுக்கலாம் என்றால் எழத்தான் முடியாது.

கிடப்பது என்றால் அவர் எங்கே கிடந்தார்? உடம்பு கதவில் கிடந்தது, ஆள் தெருவில் அலைந்தார். "மணி ஏழேகாலு. இப்ப கெர்பாவ் ரோடு திரும்பணும்" என்பார். "எட்டு. என் எடத்துக்கு வந்த நூர்தீன் இன்னும் பால்காரர் வீட்லயே நிக்கிறான், மணிச் சத்தமே வரலையே" என்பார். கால் விரலை ஆட்டுவார், கதவின் கீல் இருந்த இடத்தை நகத்தால் சுரண்டுவார், சுவரில் பல்லியை விரட்டுவார். புரளக்கூடாது என்று சொல்லியும் புரண்டு, ஆவென்று கத்துவார். வாசலில் அல்போன்சம்மாள் ஒரு பழைய புடவையைத் திரையாகக் கட்டினாள். அரை மணி நேரம் பொறுத்தார். அப்புறம் மூச்சு முட்டுகிறது என்று அதை ஒதுக்கச் சொன்னார்.

ஒதுக்கியது வினையானது. மாடிப்படி ஏறினால் நேர் எதிரே அவர் அறை. கதவில்லாத அறையில் கதவின்மேல் கிடக்கும் மனுஷனை யார்தான் விடுவார்கள்? எட்டு அறை ஜனமும் எட்டிப் பார்த்தது, எட்டு விதமாக வைத்தியம் சொன்னது. சூடான உப்பு ஒத்தடம் என்றது ஒன்று, கோயோ வலிப் பிளாஸ்திரி என்றது ஒன்று. பக்கத்து அறை ரத்தினம்மா விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள். மே மாதம் மாதா வணக்க மாதமாச்சே, சாயங்காலம் தவறாமல் செபமாலை உண்டு. அல்போன்சம்மாளும் ஒன்பது வயது மகள் பிரிஜட்டும் பலகையைப் பார்த்து முழங்காலில் நிற்பார்கள். நடுவில் இவர் நெடுஞ்சாண்கிடை.

"என்னாம்மா, செபம் மாதாவுக்கா உங்க வீட்டுக்காரருக்கா?" என்று ரத்தினம்மா வாசலில் நின்று சிரித்தாள்.

அல்போன்சம்மாளும் சிரித்தாள். சவரிராஜுக்குச் சிரிப்பு வரவில்லை. மெழுகுவர்த்திச் சூட்டிலோ மே மாதப் புழுக்கத்திலோ, உறையின் ஒரு மூலை தாங்கியை விட்டு நழுவிக் கீழே தொங்க ஆரம்பித்திருந்தது.

செபம் முடிந்ததும் பிரிஜட் பள்ளிக்கூடப் புத்தகத்தோடு அவர் பக்கத்தில் வந்து படுக்கப்போனாள்.

"எழுந்திரு! இங்க படுக்காத! போ அந்தப் பக்கம்!"

அப்பா இப்படிக் கத்தி அந்தப் பிள்ளை கேட்டதில்லை. உதடு பிதுங்கிவிட்டது. அல்போன்சம்மாள் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"புள்ள என்னா செஞ்சா இப்ப? பக்கத்துல படுத்தா என்னா, மேல பார்க்கக்கூடாதது என்னாதான் இருக்கு?"

"வலிங்கிறேன். இடிச்சுட்டா என்னா பண்றது?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பொய் சொல்லுவது எளிதாக இருந்தது, அதுதான் அவருக்கே எரிச்சலாக இருந்தது.

நாலாவது நாள் நூர்தீன் வந்தான். அவர் இடத்தில் பீட்டைப் பார்க்க அனுப்பப்பட்டவன், பெண்டாட்டி பிள்ளைக்காரன், நல்ல மனுஷன். கெட்ட மனுஷனாக இருந்தால் சவரிராஜுக்கு இன்னும் வசதியாக இருந்திருக்கும்.

"எல்லாரும் ஒங்களத்தான் கேக்குறாங்கண்ணே."

"டன்லப் ஸ்திரீட் பதினேழு? மாடி ஏறிக் குடுக்கிறியா, கீழேர்ந்து கூப்பிடுறியா?"

"ஏறித்தாண்ணே குடுக்கிறேன்." கொஞ்சம் தயங்கினான். "நம்ம ஆபீஸ் இன்ஸ்பெக்டர் ஒண்ணு சொன்னாரு. முப்பதாந்தேதி டாக்டரு பாஸ் பண்ணி, மறுநாள் காலையில நீங்க டூட்டிக்கு வந்துட்டா பீட்டு ஒங்களுது. இல்லாட்டி ஒண்ணாந்தேதிலேர்ந்து என் பேருல எழுதிடுவாராம். என்மேல கோவிச்சுக்காதீங்க."

"உன்மேல ஏண்டா கோவிக்கிறேன்?" என்றார். கோபம் உச்சி வரைக்கும் ஏறியிருந்தது.

அவன் போனதும் அல்போன்சம்மாள் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தாள். "நூர்தீன் நமக்கு ஏதும் கடுதாசி குடுத்துட்டுப் போனாரா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ம்," என்று ஸ்பூனை நீட்டினாள்.

அவரை அவள் பார்த்துக்கொண்ட விதத்தைச் சொல்லவேண்டும். முதல் தடவை அவரை ஒன்றுக்குப் போக எழுப்பும்போதே, "நேரா எந்திரிக்காதீங்க" என்றாள். "மொதல்ல ஒருக்களிங்க. முட்டிய மடக்குங்க. இப்ப கைய ஊனி, பக்கவாட்டுல எந்திரிங்க. மூச்ச அடக்காதீங்க, விடுங்க." அப்படியே செய்தார், பாதி வலிதான் இருந்தது. முழங்காலுக்கு அடியில் தலையணையை மடித்து வைத்தாள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் தளர்த்தித் தும்மச் சொன்னாள். முதல் வாரம் போனதும், தினமும் பத்து அடி நடக்கவைத்தாள், அப்புறம் இருபது. அவர் துள்ளி நாற்பது நடக்கப் பார்த்தால் தோளைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்னிக்கு நல்லாருக்குன்னு ஆடுனா, வலி அப்புறம் ரெண்டு நாள் படுக்கப் போட்டுடும். அதுகிட்டக் கோபப்பட்டு ஒண்ணும் நடக்காது."

இதெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு அவள் வரவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

செய்ய வேலையில்லாமல் அவர் காலடிச் சத்தம் கேட்க ஆரம்பித்தார். தபால்காரர் காது அது. செருப்பைக் கேட்டே ஆளைச் சொல்லும். கீழே பின்கட்டில்தான் குழாய். எட்டு அறைக்கும் ஒன்று. அங்கிருந்து மாடிக்கு இருபத்திரண்டு படி. தண்ணீர் நிறுத்துகிற நாளில் அதற்குள் பிடித்து வைக்கவேண்டும் என்று வீடே அடித்துக்கொள்ளும். இரண்டு வாளியோடு ஒரு காலடி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும். ஒருநாள் எண்ணினார். பதினோரு தடவை. பத்தாவது படியில் அந்தக் காலடி நிற்கும், வாளி ணங்கென்று உட்காரும், கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. எல்லாத் தடவையும் அதே பத்தாவது படி.

படி ஏறிவருபவளின் தலை முதலில் தெரியும், அப்புறம் தோள். தரையோடு தரையாகக் கிடந்து பார்த்ததால் ஒருநாள் படியின் இடுக்கு வழியாகப் பத்தாவது படியும் தெரிந்தது. அல்போன்சம்மாள் சுவரில் முதுகை ஒட்டவைத்துக் கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தாள். ஒரு கை இடுப்பின் பின்னால் அழுத்தியிருந்தது. அதே இடம். அவருக்கு வலிக்கிற அதே இடம். பிறகு அவள் குனியாமல், முழங்காலை மடக்கி நேராக இறங்கி, வாளியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தாள்.

அவள் உள்ளே வந்து வாளியை இறக்கும் வரை காத்திருந்தார்.

"உனக்கும் இடுப்பு வலியா?"

"ஆமா." பானையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"எப்பலேர்ந்து?"

"பிரிஜட் பிறந்ததுலேர்ந்து."

"ஒம்போது வருசமா? சொல்லவே இல்லையே நீ!"

அவள் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் அவரைக் குடைந்தது. "எப்பங்க சொல்றது? நீங்க எப்ப வீட்ல இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நடைக்கு வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மத்தியானம் முழுக்க அவர் ஒரு தெருவுக்கும் போகவில்லை. மேலே தொங்கிய உறையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். சொல்லிவிடலாம் என்று ஏழெட்டுத் தடவை வாயைத் திறந்தார். அவள் ஏறும்போது 'இறங்கட்டும்' என்று இருந்தார், இறங்கும்போது 'ஏறட்டும்' என்று இருந்தார். சொன்னால் பீட்டு போகும், சொல்லாவிட்டால் அவள் வீடு போகும். இடுப்பு வலிக்கு ஒருக்களித்தால் கொஞ்சம் குறைந்தது. இதற்கு எந்தப் பக்கம் புரள்வது? சாயங்காலம் அவள் வழக்கம்போல, "கடுதாசி ஏதும் வந்துச்சாங்க?" என்று கேட்டபோது, தொண்டைக்குள்ளேயே "இல்ல" என்றார்.

முப்பதாம் தேதி வந்தது. அல்போன்சம்மாள் சொல்லிக்கொடுத்தபடி ஒருக்களித்து, கையூன்றி எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். டாக்டர் தரையில் ஒரு பெட்டியை வைத்துத் தூக்கச் சொன்னார். சவரிராஜ் குனியவில்லை. முழங்காலை மடக்கி நேராக இறங்கினார், பெட்டியை உடம்போடு ஒட்டிப் பிடித்தார், மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தார். டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே, இப்படித் தூக்க எங்கே பழகினாய் என்று கேட்டார்.

"என் வீட்டுக்காரி சொல்லிக்குடுத்தா. அவளுக்கு ஒம்போது வருசமா இந்த வலி."

அவங்க என்ன வைத்தியம் செய்துகொள்கிறார்கள் என்று டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார். அவள் எந்த வைத்தியரிடமாவது போனாளா என்றுகூடச் சவரிராஜுக்குத் தெரியாது. டாக்டர் பதிலுக்குக் காத்திருக்காமல் சீட்டு எழுதிவிட்டார். பழைய வேலைக்குத் தகுதி உண்டு. நாளையிலிருந்து போகலாம்.

சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் இறங்கியவருக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. பொய் சொல்வானேன்? பூக்கடையில் கூப்பிட்டார்கள், டீக்கடையில் கையைப் பிடித்து இழுத்தார்கள், டன்லப் ஸ்திரீட் பதினேழாம் நம்பர்க் கிழவர் மாடி ஜன்னலிலிருந்து கும்பிட்டார். பீட்டு முழுக்க ஒரு சுற்று சுற்றலாம் என்று கால் பரபரத்தது. பாதியில் அவர் கால் நின்றுபோனது. அவளுக்கு வலித்த ஒன்பது வருஷமும் இந்தத் தெருக்களில் ஒவ்வொருவர் நலத்தையும் விசாரித்திருக்கிறார். வீட்டுக்குத் திரும்பினார்.

மணி பன்னிரண்டரை இருக்கும். படியேறி வந்தால் வாசலில் புடவைத் திரை மூடியிருந்தது. ஒதுக்கினார்.

அல்போன்சம்மாள் கதவின்மேல் மல்லாந்து படுத்திருந்தாள். முழங்காலுக்கு அடியில் மடித்த தலையணை. கை இரண்டும் வயிற்றின்மேல். தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரைப் பார்த்து அவள் பதறி எழவில்லை. "டாக்டரு என்னா சொன்னாரு?" என்று படுத்தபடியே கேட்டாள்.

"பாஸ்."

"நல்லது. ஒரு அஞ்சு நிமிசம் இருங்க, எந்திரிச்சுச் சோறு போடுறேன். மூணு வாரமா பகல்ல படுக்கவே இல்ல. மத்தியானம் இங்க ஒரு அரை மணி நேரம் தரையில நீட்டுனாத்தான் மிச்ச நாளு ஓடும். தினம் கதவச் சாத்திக்கிட்டுப் படுப்பேன். நீங்க வந்து என் எடத்தப் புடிச்சிட்டீங்க, கதவையும் புடிச்சிட்டீங்க."

தினம். இங்கே. மல்லாந்து. சவரிராஜ் மேலே பார்த்தார். உறை அவள் முகத்துக்கு மேலே ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்று கேட்டார்.

"நீங்க வச்ச மறுநாளு மத்தியானமே. பழுப்பு உறைன்னா அரசாங்கந்தானே."

"அப்புறம் ஏன் தினமும் கேட்ட? வந்துச்சா வந்துச்சான்னு?"

"இன்னிக்காவது சொல்லுவீங்கன்னுதான்."

எவனாவது கன்னத்தில் இரண்டு அறை வைத்திருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"நீயே எடுத்திருக்கலாமே. பிரிஜட்டப் படிக்கச் சொல்லியிருக்கலாமே."

"நீங்க வச்சது. நீங்கதான் எடுக்கணும்."

சவரிராஜ் கதவைச் சுற்றிப்போய், தொங்கல் துணிக்குள் கைவிட்டு உறையை எடுத்தார். அவள் கையில் கொடுத்தார். அவள் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, எழுத்துத் தெரியாததால் அவரிடமே நீட்டினாள்.

"படிங்க."

ஊரார் கடிதமெல்லாம் படித்துக் காட்டியவர், இங்கிலீஷில் இருந்ததை வரி வரியாகத் தமிழில் சொன்னார். எட்டாவது மாடி. ஒரு அறை, ஒரு கூடம், சமையற்கட்டு. மே முப்பத்தொன்றுக்குள் என்ற வரியை இரண்டு தடவை சொன்னார்.

"நாளைக்கா கடைசி?"

"நாளைக்குத்தான்."

அவள் ஒருக்களித்தாள், முழங்காலை மடக்கினாள், கையூன்றிப் பக்கவாட்டில் எழுந்தாள். அவருக்குச் சோறு போட்டுவைத்துவிட்டு, "ரெண்டு மணிக்குத் தண்ணி நின்னுடும்," என்று வாளிகளை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

சோற்றில் கை வைத்தபடி அவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் ஆடவில்லை. கீழே சைக்கிள் மணி அடித்தது. நூர்தீன் அஞ்சடியிலிருந்து தலையைத் தூக்கிக் கத்தினான்.

"அண்ணே! பாஸ் ஆயிட்டீங்களாமே, டீக்கடையில சொன்னாங்க! நாளைக்குக் காலையில வந்துருவீங்கள்ல?"

சவரிராஜ் ஜன்னலுக்குப் போனார். அந்த மணியும் அந்தப் பையும் அந்தத் தெருவும் கண்ணில் முட்டின.

"வரலப்பா. நாளைக்கு நானும் அவளும் ஒரு எடத்துக்குப் போறோம். பீட்ட ஒன் பேருக்கே எழுதிக்கச் சொல்லு. டன்லப் ஸ்திரீட் பதினேழுக்கு மட்டும் மாடி ஏறிக் குடு. படிச்சும் காட்டு."

நூர்தீன் புரியாமல் நின்றுவிட்டு மெல்ல நகர்ந்தான். உள்ளே படியில் வாளி ணங்கென்று உட்கார்ந்தது. பத்தாவது படி.

சவரிராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். அல்போன்சம்மாள் சுவரில் முதுகை ஒட்டிக் கண்ணை மூடி நின்றாள். நூர்தீனிடம் அவர் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும். இமை ஈரமாக இருந்தது. அவளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து, வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். பிறகு கேட்டார்.

"வலிக்குதா?"

ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை. அல்போன்சம்மாள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"வலிக்குதுங்க," என்றாள்.